டெல்பர்ட்டுக்குத் தெரியாத புள்ளி

"எரியாத விளக்கை என் தலையில கட்டிட்டு, எனக்குக் குறி பார்க்கத் தெரியலைங்கிறியா?"

டெல்பர்ட் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். மிசூரியில் வான்கோழி வேட்டை தொடங்கி மூன்றாவது நாள். துப்பாக்கிக் கடை ராண்டல் விற்ற, துப்பாக்கி மேல் பொருத்தும் பேட்டரிக் குறிக்கண்ணாடியில், வலது கண்ணை வைத்தால் சிவப்புப் புள்ளி தெரிய வேண்டும். அதைக் கோழியின் கழுத்தில் நிறுத்திச் சுட வேண்டியதுதான். டெல்பர்ட்டுக்கோ புள்ளியே தெரியவில்லையாம்.

"இருபது கஜத்துல நின்ன சேவல், இவரை ஏற இறங்கப் பார்த்துட்டு நடந்தே போச்சு," என்றாள் மனைவி வாண்டா. "வீட்டுக்கு வந்து பேட்டரியைத் திட்டுறாரு."

குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு ராண்டல் குறி பார்த்தார். வாண்டாவும் பார்த்தாள்.

"நெருப்புத் துண்டு மாதிரி தெரியுதேங்க!"

ராண்டலுக்குச் சுருக்கென்றது. "டெல்பர்ட், இடது கண்ணைக் கையால மூடு. இது எத்தனை விரல்?"

டெல்பர்ட் மூடினார்.

"விளக்கை ஏன்யா அணைச்சே?"

கடையில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. வாண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். ராண்டலின் பார்வை வாசலுக்குப் போனது. டெல்பர்ட் ஓட்டிவந்த மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து அங்கே நின்றது. காலையில்தான் ராண்டலின் இரண்டு பெண்களும் அதில் ஏறிப் போனார்கள்.

"சாவியைக் குடு," என்றார்.

கோடைக்குள் வாண்டா உரிமம் எடுத்துப் பேருந்தை ஓட்ட ஆரம்பித்தாள். பிள்ளைகள் அவளுக்குக் கையசைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், டெல்பர்ட் டல்ஸா நகரிலிருந்த தங்கை வீட்டுக்கே போய்விட்டார்.