ஏழு பதினைந்துக்கு வருபவர்

ஏழு பதினைந்துக்கு அவர் இன்றும் வந்துவிட்டார். திரையில் பச்சைப் புள்ளி மின்னியதைக் கண்டதும், மிர்வா தன்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"வந்துட்டாரா உன் ஆளு?" என்றாள் பக்கத்து மேசைக் கைசா. இருவரும் நான்கு மாதங்களுக்கு முன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"வந்துட்டார்டி. பதினோராம் பக்கத்துல நிக்கிறார். அடுத்த மாசத் திட்டம்னா அவருக்கு உசுரு."

"பேரையாவது கேட்டியா?"

"எங்க கேக்கறது? தனியுரிமைச் சட்டமாம், டூல் பேரைக் காட்டாது. 'வாசகர் ஏழு', அவ்ளோதான்."

இது காதல் விவகாரம் அன்று. தாம்பெரே நகரில் சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்கான அடுப்பு விற்கும் அந்நிறுவனத்தின் இணையக் கடை, தேடுபொறியில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று கணித்து அறிக்கை தரும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மிர்வாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மூன்று கருவிகள் சோதனைக்கு வந்திருந்தன.

முதற்கருவி எதைக் கேட்டாலும் அழகிய வட்டங்களை வரைந்து, 'மிக நன்று' என்று பாராட்டியது. இரண்டாவது, தளத்தில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தது. அவற்றுள் முதலாவது, முகப்பில் இருந்த மேலாளர் ரைமோவின் புகைப்படம். 'தேவைக்கு மிஞ்சிய பெரிய உருப்படி, நீக்கவும்' என்று அது பரிந்துரைத்திருந்தது.

மூன்றாவது கருவி அடக்கமானது. அறிக்கையை அனுப்பியதோடு நில்லாமல், அதை எத்தனை பேர் திறந்தார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதையும் அது பணிவுடன் தெரிவித்தது.

சென்ற இலையுதிர்காலத்தில் வேறு ஊரிலிருந்து வந்து பொறுப்பேற்றிருந்த ரைமோவுக்கு இவற்றில் எதன்மீதும் நம்பிக்கை வரவில்லை.

"மிர்வா, தப்பா எடுத்துக்காதே. எப்பவோ போட்ட லிஸ்ட்படி பதினாலு பேருக்கு வாராவாரம் இந்த ரிப்போர்ட் போகுது. எவனாவது படிக்கிறானா? நானே படிக்கிறதில்ல!"

"ஒருத்தர் படிக்கிறார், ரைமோ. முழுசா படிக்கிறார்."

"படிச்சு என்ன கிழிச்சோம்? எந்தச் சொல்லைத் தேடினாலும் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரன் நமக்கு முன்னால நிக்கிறான். சரி, ஒண்ணு செய். வியாழக்கிழமைக்குள்ள உன் வாசகரை என் கண்ணுல காட்டு, மூணாவது டூலுக்குக் கையெழுத்துப் போடறேன். காட்டலேன்னா டூலும் வேண்டாம், அதைப் பாத்துக்க ஒரு ஆளும் வேண்டாம்."

வெள்ளிக்கிழமையோடு மிர்வாவின் சோதனைக் காலம் முடிவடைய இருந்தது. அவள் தன் இருக்கைக்குத் திரும்பி, அறிக்கையின் பதினோராம் பக்கத்தைத் திறந்தாள்.

புதன் மாலை, சிறப்பு அறிக்கை ஒன்று பதினான்கு பேருக்கும் சென்றது. அதன் பதினோராம் பக்கத்து அடியில், பொடி எழுத்தில் மிர்வா இவ்வாறு எழுதியிருந்தாள்: 'இதுவரை வாசித்தமைக்கு மனமார்ந்த நன்றி. தயைகூர்ந்து வியாழன் காலை பத்து மணிக்கு இரண்டாம் மாடிச் சமையலறைக்கு எழுந்தருள வேண்டுகிறேன். சூடான ஏலக்காய் பன் உண்டு.'

வியாழன் பத்து மணி. ரைமோ கையில் பேனாவோடும், கைசா பன் தட்டின்மீது வைத்த கண்ணோடும் காத்திருந்தனர். பத்து ஐந்தாயிற்று. பத்து பத்தும் ஆயிற்று.

"வரலேன்னாலும் கவலைப்படாதே. பன் வீணாகாம நான் பாத்துக்கறேன்" என்று கைசா ஆறுதல் கூறினாள்.

அப்போது கீழே வரவேற்பறைப் பெண்மணி யாரையோ பெயர் சொல்லி அழைத்துக் கதவைத் திறந்துவிடும் ஓசை கேட்டது. சற்று நேரத்தில், கம்பளித் தொப்பியில் பனி அப்பிய நெட்டை மனிதர் ஒருவர் சமையலறை வாசலில் கூச்சத்தோடு வந்து நின்றார்.

"நான் ஒஸ்மோ. பதினோராம் பக்கம் படிச்சேன்... பன் இங்கதானே?"

மிர்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அந்நிறுவனத்தில், முன்பின் பாராத முகம் யாருக்கும் வியப்பளிக்கவில்லை.

"நெஜமாவே படிக்கிறீங்களா?" என்றார் ரைமோ.

"ஒரு வாரம் விட்டதில்லீங்க. காபி போட்டு வச்சுக்கிட்டு, எங்க பிரிவுல எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டுவேன். சிலர் குறிப்புக்கூட எடுப்பாங்க."

"குறிப்பா!" ரைமோ பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் அங்கேயே, சர்க்கரைக் கிண்ணத்தின் அருகில் படிவத்தை வைத்து, மூன்றாவது கருவிக்குக் கையெழுத்திட்டார். மிர்வாவின் வேலை நிரந்தரம் என்றும் அதன் கீழே ஒரு வரி எழுதினார்.

"பாத்தீங்களா? இந்த மாதிரி ஒரு பத்துப் பேர் இருந்தா, அக்கரைக்காரன் கடையை மூடிட்டுப் போயிடுவான்!" என்று ஒஸ்மோவின் தோளில் தட்டி, அவர் கையில் இரண்டாவது பன்னைத் திணித்தார். "ஆமா, கேக்கவே மறந்துட்டேன். நீங்க எந்தப் பிரிவு?"

ஒஸ்மோ வாயிலிருந்ததை மரியாதையாக விழுங்கிவிட்டு, சன்னலுக்கு வெளியே உறைந்து கிடந்த ஏரியைச் சுட்டிக்காட்டினார்.

"நான் இங்கேருந்து அந்தக் கடைக்குப் போயி ரெண்டு வருஷமாச்சே!"