அலங்கார வளைவா, சாக்கடை மூடியா

"ஏட்டி, ஆபீசர் தலைக்கு மேல அந்த ஃபேனைப் பாரு. ஆடுத ஆட்டத்தைப் பாத்தா இன்னைக்குக் கழண்டு விழுந்துரும் போல இருக்கு," என்றாள் ஞானசௌந்தரி.

காலனி ஹாலின் முன்வரிசையில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஷெர்லி நிமிர்ந்து பார்த்தாள். காலனி நலச் சங்கத்தின் செயலாளர் அவள். இருக்கிற கவலை போதாதென்று இது வேறு. அவள் கண்ணுக்கு ஃபேன் ஒழுங்காகத்தான் சுற்றியது.

ஜன்னல் வெயில் மேடையில் பாதியைப் பிடித்திருந்தது. குறை கேட்க வந்திருந்த மாநகராட்சி அதிகாரி கிருஷ்ணபிரசாத் தன் நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "மாட்லாடண்டி" என்று மக்களைத் தெலுங்கில் பேசச் சொன்னார்.

தெலுங்கும் உருதுவும் புழங்கும் மௌலா அலியில், ரயில்வேக்காரர்கள் வீடு கட்டிக் குடியேறிய காலனி அது. வார்டுக்கு வரும் பட்ஜெட்டில் இந்த வருடம் அவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான். காலனி வாசலில் கலர் விளக்கு வைத்த அலங்கார வளைவு என்று மேலிடத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

மக்கள் கேட்டதோ, பள்ளிக்கூடத்துக்குப் போகிற சந்தில் வாய் பிளந்து கிடக்கும் சாக்கடைக்கு ஒரு மூடி. மழை வந்தால் அங்கே தெரு எது, சாக்கடை எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஷெர்லியின் மகள் ஒன்றாம் வகுப்பு, அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும்.

போன மழையில் ஸ்கூட்டரோடு சாக்கடைக்குள் போன குணசேகரன் மாவுக்கட்டுக் காலோடு நொண்டிக்கொண்டே மேடைக்கு வந்தார். "ஆர்ச் நக்கோ சாப், டக்கன் ஹோனா" என்று ஊர் உருதுவில் முறையிட்டார். வளைவு வேண்டாமாம், மூடிதான் வேண்டுமாம்.

அதிகாரி எழுந்துபோய் அவருக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்காரவைத்தார். பதில் மட்டும், அதுவரை பேசிய எல்லாருக்கும் சொன்ன அதே பதில்தான். அடுத்த வருடம் பார்க்கலாம்.

ஷெர்லியின் முகம் விழுந்துவிட்டது. ஞானசௌந்தரி அவள் பக்கம் சாய்ந்து ரகசியம் பேச ஆரம்பித்தாள். பள்ளியில் பி.டி. டீச்சராக இருப்பவள். அவள் ரகசியம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

"பாவம்ட்டி, நல்ல மனுசன். நொண்டிக்கிட்டு வந்தவருக்கு எந்திரிச்சு நாற்காலி போடுதாரு பாத்தியா. பெத்தவ நல்லா வளத்திருக்கா."

"அக்கா, மெதுவா பேசுங்கக்கா."

"நம்ம பேச்சு அவருக்கு என்னத்த புரியப் போகுது? குணம் இருந்து என்ன செய்ய, தைரியம் வேணும்லா. மேல உள்ளவுக வளைவுன்னு சொல்லிட்டாவ, இவரும் தலையாட்டிட்டு வந்துட்டாரு. இவரைப் போட்டுப் பாடாப் படுத்தக் கூடாது."

மேடையில் அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"அந்தச் சாக்கடையை ஒரு எட்டு வந்து பாத்தாருன்னா மனசு கேக்காது. ஆனா எங்க வரப்போறாரு. ஷூவைப் பாத்தியா, மொகம் பாக்கலாம் அதுல."

ஷெர்லி அவள் தொடையைக் கிள்ளினாள். அதிகாரியோ எழுந்து நின்று, இடத்தைக் காட்டுங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கூட்டமே பின்னால் ஓடியது.

பள்ளி விட்டிருந்த நேரம். பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை வரிசையாகச் சாக்கடை ஓரமாக வந்துகொண்டிருந்தார்கள். சேற்றில் இறங்கிய அதிகாரி கடைசிப் பிள்ளை தாண்டும் வரைக்கும் அங்கேயே நின்றார். பிறகு போனை எடுத்துத் தள்ளிப்போய் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டி வாதாடினார்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மூடி இந்த வருடம். வளைவை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். குணசேகரன் மாவுக்கட்டை மறந்து குதிக்கப் பார்த்தார், இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஹாலுக்குத் திரும்பி டீ குடித்து முடித்ததும் அதிகாரி கிளம்பினார். வாசலில் ஞானசௌந்தரியைப் பார்த்ததும் நின்றார்.

"சேறு பட்டா கழுவிக்கலாம் டீச்சர்," என்றார் நல்ல தமிழில். "நான் வளந்தது வேலூர்ல. வளர்ப்பைப் பத்தி ஒண்ணு சொன்னீங்களே, அதை மட்டும் எங்கம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

ஞானசௌந்தரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ சார், தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

ஜீப் திருப்பத்தில் மறைந்ததும் ஷெர்லி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "மானமே போச்சுக்கா. அவருக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்சிருந்தா இப்படியெல்லாம் பேசியிருப்பீங்களா?"

ஞானசௌந்தரி ஹாலுக்குள் திரும்பிப் பார்த்தாள். அதிகாரியின் நாற்காலி, அவர் தள்ளிப் போட்ட ஓரத்திலேயே கிடந்தது. மேடைக்கு மேலே ஃபேன் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, அந்த ஃபேன் எங்க ஆடுச்சு?"