முந்தி வந்த முகூர்த்தம்

“கலியாணத்தை ஆவணியிலை வைப்பம்,” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் மயில்வாகனம்.

“பிந்திப்போம் சம்மந்தி. வைகாசியிலை முடிப்பம்,” என்றாள் பெண்ணின் தாய் யோகேஸ்வரி.

“ஏன், பொம்பிளை ஓடிப்போயிடுமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். யோகேஸ்வரியும் சிரித்தாள்.

ஓடப்போவது அவள்தான். கட்டி என்று வீட்டில் சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. அது புற்றுநோய். நிணநீர்க் கணுக்களிலும் பரவியிருந்தது. ‘ஆறு மாதத்துக்குப் பயமில்லை,’ என்றிருந்தார் டொக்டர். இது கார்த்திகை. வீட்டில் சாவு விழுந்தால் மகளின் கலியாணம் ஆண்டுத்திவசம் வரை தள்ளிப்போகும்.

“சரி, ஆனி,” என்று இறங்கினார் மயில்வாகனம்.

“வைகாசிதான்.”

அதுவரை பேசாதிருந்த அவர் மனைவி நாகபூசணி நிமிர்ந்தாள். “தையிலையே வைப்பம்.”

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. யோகேஸ்வரி மகிழ்ச்சியோடு திரும்பினாள். “நீங்களே இவ்வளவு இறங்கிறியளே, சம்மந்தி!”

நாகபூசணி அவளைப் பார்த்தாள். போன கிழமை புற்றுநோய் கிளினிக்கில், டொக்டருக்குப் பக்கத்தில் மாஸ்க்கோடு நின்று யோகேஸ்வரியின் ரிப்போட்டை வாசித்த நேர்ஸின் அதே கண்கள்.

யோகேஸ்வரியின் சிரிப்பு நின்றது.

“வைகாசி வரைக்குமாவது என்னை இருக்க விடுங்கோவன், சம்மந்தி,” என்றாள்.