பிடிவாதக்காரி

"அம்மா காலையிலேர்ந்து வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நீ என்னன்னா புல்லைப் பார்க்கணும்கறே."

காரை ஓட்டியபடியே தம்பி அலுத்துக்கொண்டான். பக்கத்து இருக்கையில் அக்கா மடியில் துணிப்பையை அணைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம்தான்டா. பார்த்துட்டு நேரா வீட்டுக்குப் போயிடலாம்."

"இத்தனை வருஷம் கழிச்சு வர்றவ, முதல்ல பெத்தவ முகத்தைப் பார்ப்பாளா, புல்லைப் பார்ப்பாளா?"

"அம்மா முகம் கண்ணை மூடினாலே தெரியும். இதைத்தான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."

அதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவள் சொன்னால் சொன்னதுதான். நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் வண்டியைத் திருப்பினான்.

பாதை ஒரு கம்பி வேலியில் போய் முடிந்தது. அவன் இறங்கிவிட்டான். அக்கா இருக்கையிலேயே காத்திருந்தாள்.

"இறங்கு அக்கா. கதவு பூட்டியில்ல."

"ஆமால்ல" என்று கூச்சத்தோடு சிரித்துவிட்டுத் திறந்துகொண்டு வந்தாள்.

தொப்பியும் ரப்பர் பூட்ஸும் அணிந்த ஒரு பெண் வேலிக்குள்ளிருந்து வந்தாள். அந்தப் புல்வெளியின் காவலாளி.

"இப்ப யாரையும் உள்ளே விடறதில்லைங்க. குருவிங்க தரையிலதான் முட்டை இட்டிருக்கு. தெரியாம மிதிச்சா போச்சு."

"கேட்டியா? வா, கிளம்பலாம்" என்றான் தம்பி. அவன் குரலில் நிம்மதி தெரிந்தது.

அக்கா நகரவில்லை. "இங்கேயே நின்னு பார்த்துக்கறேன்மா. பட்டாம்பூச்சி திரும்பி வந்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இங்கே வருகிறவர்கள் போட்டோ எடுக்க இடம் கேட்பார்கள், இல்லையென்றால் கழிவறை எங்கே என்று கேட்பார்கள். பூச்சியைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"வெளிநாட்டுலேர்ந்து" என்று தம்பி முந்திக்கொண்டான். "அங்க வேலையா இருந்தாங்க."

அக்கா பார்வையைப் புல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காவலாளி சின்னக் கதவைத் திறந்தாள். "என் பின்னாலேயே வாங்க. நான் கால் வெச்ச இடத்துலதான் நீங்களும் வெக்கணும்."

மூவரும் வரிசையாக நடந்தார்கள். முழங்கால் உயரப் புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

"இதெல்லாம் முள்ளுப் புதரா கிடந்த இடம். எங்கிருந்தோ வந்த புதர், சொந்தப் புல்லை ஒண்ணுவிடாம முழுங்கிடுச்சு. அதைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, பழைய புல்லையும் செடியையும் நட்டோம். குருவி வந்துடுச்சு, முயல் வந்துடுச்சு. பட்டாம்பூச்சிதான் வரல. இந்த வருஷமும் வரலேன்னா, செடி நடறதை நிறுத்திடுங்கன்னு மேலே சொல்லிட்டாங்க. நேத்துவரைக்கும் என் கண்ணுல ஒண்ணுகூடப் படல."

அக்காவின் நடை தளர்ந்தது. பாதையோரம் புல்லுக்கு நடுவே குட்டையாக ஒரு செடி, வெளிர் ஊதாப் பூவோடு நின்றது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"பூத்துட்டியா பிடிவாதக்காரி" என்றாள் மெல்ல.

காவலாளி திரும்பினாள். "இந்தப் பேரு உங்களுக்கு எப்படி…"

தம்பியின் போன் அடித்தது. "இதோ வந்துக்கிட்டே இருக்கோம்மா. வழியில கொஞ்சம் டிராஃபிக்…" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். போனைக் காதிலிருந்து இறக்கினான்.

"அக்கா, அசையாதே."

செம்மஞ்சள் சிறகு, ஓரத்தில் கறுப்புக் கரை. அக்காவின் முகத்துக்கு எதிரே தயங்கித் தயங்கிப் பறந்த பட்டாம்பூச்சி, அந்தச் செடியில் உட்கார்ந்தது. வாலை வளைத்து இலையின் அடியில் தொட்டது. நகர்ந்து இன்னொரு இலையைத் தொட்டது.

"முட்டை வெக்குது" என்று கிசுகிசுத்தாள் காவலாளி. பூட்ஸோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா சத்தமில்லாமல் அழுதாள். தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லாம் தலைகீழாகிப்போன அந்த நாளில்கூட அவள் அழுது அவன் பார்த்ததில்லை.

பூச்சி புல்லுக்குள் பறந்து மறைந்த பிறகுதான் மூவருக்கும் மூச்சு வந்தது.

"இனிமே யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது" என்று காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல டீச்சருக்குச் சொல்லணும். நாத்து கொண்டுவர்ற அம்மா. அவங்களும் இதைப் பிடிவாதக்காரின்னுதான் சொல்வாங்க. மாசக்கணக்கா முளைக்காம அடம்பிடிக்குமாம். வளர்க்கறவங்க வெச்ச பேராம்."

"யாரு வளர்க்கறாங்க?" என்றான் தம்பி.

காவலாளி கொஞ்சம் தயங்கினாள். "பெண்கள் ஜெயில்ல இருக்கறவங்கங்க. இங்க இருக்கற ஒவ்வொரு செடியும் அவங்க கையால வளர்ந்தது. என்ன, வளர்த்தவங்கள்ல ஒருத்தர்கூட வந்து பார்த்ததில்ல."

அக்கா தலை குனிந்துகொண்டாள். தம்பி அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"ஒருத்தங்க பார்த்துட்டாங்க" என்றான். "எங்க அக்கா. இன்னைக்குக் காலையிலதான் வெளியே வந்தாங்க."