சூளைக்கு அனுமதி

“ஆறு மணிக்குப் பிறகு குசினி அடுப்பைத் தவிர வேற எங்கயும் நெருப்புத் தெரியப்படாதாம்” என்றார் கிராம சேவகர் நல்லரத்தினம்.

வாவிக்கரையில் இருந்த செங்கல் சூளையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ராணுவ முகாமின் புதிய கட்டளைகளை வீடு வீடாகச் சொல்லி வருவது அவர் வேலை. குப்பை கொளுத்தக் கூடாது. மாட்டுக்குப் புகை போடக் கூடாது. தீபாவளிக்குச் சீனவெடியும் கூடாது. பகலில் எதை எரிப்பதென்றாலும் முகாமில் அனுமதி எடுக்க வேண்டும்.

“அப்ப மாட்டை நுளம்பு தின்னட்டுமாமா?” என்று கேட்டாள் அன்னப்பூரணி.

“மாட்டைப் பத்தி அவனுகள் ஒண்டும் சொல்லல்ல, தங்கச்சி.”

அவள் கணவர் கோணாமலை சூளையை அடுக்கி முடித்து, மண் பூசி, தென்னோலைக் கிடுகால் மூடியிருந்தார். ஐப்பசி மழை இறங்கினால் பச்சைக் கல் எல்லாம் மறுபடியும் சேறுதான். ஆனால் அவர் அதை நினைக்கவில்லை. சுற்றிவளைப்பில் ஊர்ப் பிள்ளைகளோடு பிடிபட்ட மகன் இன்னும் முகாமில் இருந்தான். பிள்ளையைக் கேட்டுப் போகிறவர்களைப் வாசல் படலைக்கு அப்பால் விடுவதில்லை.

நல்லரத்தினம் போனபின் அன்னப்பூரணிதான் வழி சொன்னாள்.

“நெருப்புக்கு அனுமதி கேக்கிறவங்களை உள்ளுக்கு விடுறானுகள்தானே. சூளையைச் சொல்லிக்கொண்டு போங்க. புள்ளையை ஒருக்காக் கண்ணால பாத்திட்டு வாங்க.”

மறுநாள் காலை நல்லரத்தினம் அவரைக் கூட்டிப்போனார். கிராம சேவகருக்குச் சிங்களம் தெரியும். உள்ளே விட்டார்கள். அதிகாரி பிளேன்ரீ கொடுக்கச் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த யன்னல் வழியே ஒரு கொட்டில் தெரிந்தது. பிள்ளைகள் நிலத்தில் வரிசையாக இருந்தார்கள். கடைசியில் மகன். சட்டை இல்லை. உயிரோடு இருந்தான்.

அதிகாரி சூளையைப் பற்றிக் கேட்டார். எங்கே இருக்கிறது? பக்கத்தில் வீடுகள் உண்டா? எவ்வளவு நேரம் எரியும்? எவ்வளவு சூடு?

நல்லரத்தினம் மொழிபெயர்க்க, கோணாமலை எல்லாவற்றுக்கும் நீட்டி நீட்டிப் பதில் சொன்னார். பேச்சு நீளும்வரை மகனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வாவியோரம், வீடுகள் தூரம், மூட்டினால் இரவு பகலாக எரிய வேண்டும் என்றார். ஒருமுறை தவறி உள்ளே போன மண்வெட்டி உருத்தெரியாமல் போனதைச் சொன்னார். கேட்காததையும் சொன்னார்.

அனுமதி கிடைத்தது. ஆனால் பொதுமக்கள் இரவில் நெருப்பருகே நிற்கக் கூடாது என்ற கட்டளையை மாற்ற முடியாது என்றார் அதிகாரி. படையினரே மூட்டி எரிப்பார்கள். சொல்லி அனுப்பும்வரை ஒருவரும் அந்தக் கரைக்கு வரக் கூடாது.

“உங்களுக்கு வேலை மிச்சம், அண்ணன்” என்றார் நல்லரத்தினம், திரும்பும் வழியில்.

அன்னப்பூரணி சூளையைப் பற்றிக் கேட்கவில்லை. மகன் மெலிந்துவிட்டானா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார். அன்று இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பொழுதுபடச் சூளைப் பக்கம் புகை எழுந்தது. விறகுப் புகையைவிடக் கறுப்பு. மறுநாளும் அதற்கு மறுநாளும் அடங்கவில்லை.

முகாமிலிருந்து சொல் வந்ததும் கோணாமலை தனியே போனார். கல் நன்றாக வெந்திருந்தது. இவ்வளவு சிவப்பு அவருக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. அவர் குவித்து வைத்திருந்த விறகில் பாதி அப்படியே கிடந்தது. சூளை வாயில் எரிந்துபோன வண்டி ரயர்களின் கம்பிகள் சுருண்டு கிடந்தன. விறகு இருக்க ரயர் எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

கரை வழியே அன்னப்பூரணி ஓடி வந்தாள். முகாம் படலையிலிருந்து வருகிறாள். மூச்சு வாங்கியது. முகத்தில் சிரிப்பு.

“இஞ்சேருங்க, புள்ளையள் ஒருத்தரும் இப்ப காம்பில இல்லையாம். செவ்வாக்கிழமை பொழுதுபடவே எல்லாரையும் விட்டுட்டானுகளாம்.”

அவள் சூளையைச் சுற்றிப் பார்த்தாள்.

“இந்தப் பக்கமாத்தான் கூட்டிக்கொண்டு வந்தவனுகளாம். நம்மட புள்ள இஞ்ச வரல்லியா?”