வாரிசு வாக்குமூலம்

கண்ணாத்தாளின் பெருவிரலில் மை காய்வதற்குள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பஞ்சநதம் அடுத்த தாளை எடுத்துவிட்டார். வாய்க்கால் கரையில், பூவரச மரத்தடியில் போட்ட டீக்கடைப் பெஞ்சுதான் அன்றைக்கு அவருக்கு ஆபீஸ். எதிர் வயலில் நடவுப் பெண்கள் குனிந்தபடியே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

அவளுடைய மூத்த மகன் நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டுக் கரையேறி வந்து நின்றான். முழங்கால்வரை சேறு. கழுவிக்கொண்டு வரச் சொல்லியும் கழுவவில்லை.

போன கார்த்திகையில் வங்காளத்துச் சண்டையில் இளைய மகன் செத்துப்போனான். உடம்பு வரவில்லை, தந்திதான் வந்தது. இந்தப் புரட்டாசியில், நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் ஒரு ஏக்கர் அந்தக் குடும்பத்துக்கு என்று உத்தரவு வந்திருக்கிறது.

தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைத்தவர்கள். கூலிச் சண்டையில் சொந்த ஊரில் குடிசையை இழந்து, நாலு வருஷத்துக்கு முன்பு பிழைக்க இங்கே வந்தவர்கள். மூத்தவன் கூலிக்கு உழுத அதே ஏக்கர், இன்று கையெழுத்தானால் அவர்களுடையது.

மனு எழுதி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் விவசாயச் சங்கத்து இராஜாங்கம். அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நெலங் கேட்டுக் கொடி புடிச்சப்ப லத்தியாலதான் அளந்தீங்க. ஒரு உசுரக் குடுத்ததுக்கப்புறந்தான் ஒரு ஏக்கர் ஒங்க கண்ணுக்குத் தெரியுது."

"லத்தி நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல இராஜாங்கம். நம்மளுது நெலம் அளக்குற சங்கிலி" என்றார் பஞ்சநதம். பிறகு ராணுவத்திலிருந்து வந்த தாளை உரக்கப் படித்தார். சிப்பாய் வீரையன், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, இறந்த இடம், இறந்த தேதி. மூத்தவன் தலை நிமிரவில்லை.

தந்தி வந்த நாளிலிருந்தே அவன் அப்படித்தான். தைப்பொங்கலுக்குப் புது அரிசியைக்கூட வாயில் வைக்கவில்லை. இங்கே வந்த வாரமே தம்பியைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் பட்டாளத்துக்கு ஆளெடுக்கிற வரிசையில் நிறுத்தியவன் அவன்தானே, அந்தக் குற்றம் நெஞ்சை அறுக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தம்பியின் கடுதாசிகளை அம்மாவுக்கு அவன்தான் வாசித்துக் காட்டுவான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்தில் வரும். கடைசியாக வந்ததில் சண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. இங்கேயும் நம்மூர் மாதிரி வயலும் வாய்க்காலும்தான், அறுக்க ஆளில்லாமல் கதிர் சாய்ந்து கிடக்கிறது, பார்த்தால் மனசு ஆறவில்லை என்று இருந்தது.

"ரெத்தினம், ஒனக்கு எழுதத் தெரியும்ல?" என்று பஞ்சநதம் கேட்டார்.

அவன் தலையாட்டினான். அப்படியானால் வாக்குமூலத்தை அவன் கைப்படவே எழுதிவிடலாம், மேலே ஒருத்தனும் கேள்வி கேட்கமாட்டான் என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். அவன் துண்டில் கையைத் துடைத்துத் துடைத்து நேரம் கடத்தினான்.

கண்ணாத்தாள் அவன் அருகே வந்து உட்கார்ந்தாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"போனவன் போயிட்டான். மண்ணாவது மிஞ்சட்டும். அவுங்க சொல்றத எழுதிக் குடுத்துருய்யா."

பஞ்சநதம் சொல்லச் சொல்ல எழுதினான். எழுத்து மணிமணியாக விழுந்தது. 'என் உடன்பிறந்த தம்பியும், போரில் உயிர் நீத்தவருமான' என்ற இடத்தில் பேனா நின்றது. நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிய பொட்டானது.

வயலில் யாரோ மூக்கை உறிஞ்சினாள். இராஜாங்கம் அவன் தோளில் கை வைத்தார். பள்ளிக்கூட வாசலில் அந்தப் பேரைச் செதுக்கிக் கல் நடப்போகிறோம், நாமெல்லாம் மண்ணாய்ப் போனாலும் உன் தம்பி பேர் நிற்கும் என்று ஆறுதல் சொன்னார்.

கல் என்றதும் மூத்தவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை.

"நேரமாவுதுப்பா. பேரு ஒண்ணுதான் பாக்கி. வீரையன்னு எழுது" என்றார் பஞ்சநதம்.

அவன் பேனாவை மூடி, தாளின்மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினான்.

"எஞ் சர்ட்டிபிகேட்டுல பட்டாளத்துக்குப் போயி செத்தவன்தான் ரெத்தினம். வீரையன் நான்தாங்க."