செக்கு எண்ணெய்க்கு மாறிய காரணம்

இரண்டாவது தடவை சொன்னபோது வசந்தாமணிக்கு அழுகை வரவில்லை.

விளக்கு முகத்தில் அடித்தது. கேமராவுக்குப் பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

“பரவால்லக்கா. கொஞ்சம் தண்ணி குடிங்க,” என்றாள் ஷாலினி.

ஷாலினி சென்னைக்காரி. விளம்பரம் எடுக்க வந்தவள். இத்தனை காலம் பாக்கெட்டில் பாமாயில் விற்ற கம்பெனி, இனிமேல் செக்கு எண்ணெய் விற்கப்போகிறது. விலை அதிகமென்றாலும் ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கம்பெனியும் பின்னாலேயே போகிறது.

அதற்காகத்தான் ஈரோட்டில் ஓர் ஓட்டலின் மாடி ஹாலில், எண்ணெய் மாற்றிய பெண்களைக் கூட்டி உட்காரவைத்துக் காரணம் கேட்டார்கள்.

கொழுப்பு என்றாள் ஒருத்தி. வாசனை என்றாள் இன்னொருத்தி. பக்கத்து வீட்டில் மாற்றினார்கள், நானும் மாற்றினேன் என்றாள் ஒருத்தி.

வசந்தாமணியின் முறை வந்தது.

“எங்க வூட்டுக்காரரு பூரி தின்னுட்டு எந்திரிச்சாருங்க. அப்படியே விழுந்துட்டாரு.”



பக்கத்து நாற்காலிக்காரி மெதுவாகக் கேட்டாள், எந்த எண்ணெயில் சுட்டது என்று. பாமாயில் என்றதும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஷாலினி மட்டும்தான் எழுந்து வந்து கையைப் பிடித்தாள். மற்றவர்களையெல்லாம் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு இவளை இருக்கச் சொன்னாள்.

வசந்தாமணி இருந்தாள். அவர் போன நாளிலிருந்து, அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்ட ஆள் கிடையாது.

கேமராவுக்கு முன்னால் முதல் தடவை சொன்னபோது நன்றாகத்தான் அழுதாள். ஆனால் நடுவில் பீடி வந்துவிட்டது.

“அவரு பீடி நெறையாக் குடிப்பாருங்க. அவிங்கப்பாவும் நெஞ்சுவலியிலதான் போனாரு.”

“பீடி வேணாம்க்கா. அப்பாவும் வேணாம். எண்ணெய் மட்டும் போதும்.”

எண்ணெய் மட்டும் சொன்னபோது கண் காய்ந்துபோனது.

ஷாலினி கேமராக்காரனிடம் போய் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்காரவில்லை. தரையில், வசந்தாமணியின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“கேமராவ விடுங்கக்கா. எனக்காகச் சொல்லுங்க. எங்கம்மாவும் உங்கள மாதிரிதான். தனியா நின்னு வளத்தாங்க.”

வசந்தாமணி கேமராவை விட்டுவிட்டுக் கீழே அவள் முகத்தைப் பார்த்தாள்.

“இட்லி மாவு இருந்துச்சு அம்மணி. பூரி சுடணும்னு நெனைக்கவே இல்ல.”

“அப்புறம்?”

“பாப்பா அழுதா. பூரிதான் வேணும்னு தரையில பொரண்டு அழுதா. எண்ணெய் தீந்து போச்சுன்னேன். அவருதான் போயி வாங்கிட்டு வந்தாரு. மலிவா இதான் இருந்துச்சுன்னு குடுத்தாரு.”

“ம்.”

“பாப்பா ஒண்ணு தின்னா. போதும்னு தள்ளிட்டா. மிச்சத்த அவரு தின்னாரு. வீணாப் போகுதேன்னு…”

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து வேறொன்று வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அது நிற்கவில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மாமியார் ஊரைக் கூட்டி ஏசியபோதுகூட, பூரி சுட்டது தன் ஆசைக்குத்தான் என்று சொல்லி ஏச்சை வாங்கிக்கொண்டாள். தாரணிப் பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. ஒன்றும் நினைவில்லை. இன்றைக்கும் பிறந்தநாளுக்குப் பூரிதான் கேட்பாள். செக்கு எண்ணெயில் சுட்டுக் கொடுத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை வசந்தாமணி அடுப்படியிலேயே நிற்பாள்.

ஹாலில் யாரோ கைதட்டினார்கள்.

“சூப்பர்க்கா!” ஷாலினி துள்ளி எழுந்தாள். அவள் கண்ணும் நிஜமாகவே கலங்கியிருந்தது. “இத விட ஒண்ணும் வேணாம்.”

வசந்தாமணி அப்போதுதான் கேமராவைப் பார்த்தாள். அதன் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

“அம்மணி. அந்தப் பாப்பா பேச்ச மட்டும் வெட்டிருங்க.”

“ஏன்க்கா?”

“புள்ளைக்குத் தெரியாதுங்க.”

ஷாலினி மறுபடியும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் பிடித்த அதே மாதிரி, பதமாக.

“அதுதான்க்கா விளம்பரமே.”

கேமராக்காரன் வயர்களைச் சுற்ற ஆரம்பித்தான். விளக்கை அணைத்தார்கள். முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொள்ள ஒரு பெண் காகிதம் கொடுத்தாள். அவள் துடைக்க மறந்து படியிறங்கினாள்.

ஓட்டல் வாசலில் ஸ்கூட்டியோடு தாரணி நின்றிருந்தாள். காலேஜிலிருந்து நேராக வந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“ஐயோ, பவுடரெல்லாம் வழிஞ்சு கோடு கோடா இருக்குது. அழுதியா?”

“அழச் சொன்னாங்க.”

“நெசமா டிவில வருவியா?”

“தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி வருமாம்.”

“எங்க கிளாஸ் மொத்தத்துக்கும் சொல்லிட்டேம்மா. எல்லாரும் பாப்பாங்க. ஹாஸ்டல்ல பெரிய டிவியே இருக்குது, நானும் அன்னிக்கு அங்க போயிருவேன்.”

வசந்தாமணி பின்சீட்டில் ஏறினாள். மகளின் இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தாள்.

வண்டி கிளம்பித் தடுமாறியது.

“இப்படி இறுக்காதம்மா,” என்றாள் தாரணி. “ஓட்ட முடியல.”